ஐப்பசிக்கு ஒரு டயர்

சேற்றுழவுக்கு வயலில் இறங்குமுன் டிராக்டருக்குக் கேஜ் வீல் மாட்ட வேண்டும் என்று திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்து விவசாயி யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அறுப்பும் அப்படித்தான். வயல் காய்ந்திருந்தால் டயர் மெஷின், ஈரம் நின்றால் பெல்ட் மெஷின். பெல்ட் மெஷினுக்கு மணி வாடகை கூடுதல். அதற்காக ஈர வயலில் டயர் மெஷினை இறக்கிப் புதையவிடுகிறவர் இல்லை. நிலம் எந்தப் பதத்தில் இருக்கிறது, அதில் எந்தச் சக்கரம் போகும் என்று பார்த்துச் செலவழிக்கிற அறிவு காவிரிக்கும் குடமுருட்டிக்கும் நடுவே இருக்கிற இந்த ஊருக்குப் புதிதில்லை.

வாசலில் நிற்கும் காருக்கு மட்டும் அந்த அறிவை நாம் கொடுப்பதில்லை. பல வருடங்களாக இதைக் கவனித்து வருகிறேன். வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

இங்கே ஓடுகிறவை பெரும்பாலும் சின்னக் கார்கள். ஆல்டோ, வேகன்ஆர், இன்னும் உயிரோடிருக்கும் பழைய மாருதி 800. பல கைமாறி வந்தவை. பூதலூர் வழியாகத் தஞ்சாவூருக்கு வேலைக்குப் போகிற ஆசிரியர், திருவையாற்றில் வங்கி வேலை பார்க்கிறவர், கல்லணை வழியாகத் திருச்சி ஆஸ்பத்திரிக்கு அம்மாவை அழைத்துப் போகிற மகன். இவர்களுடைய கார் சித்திரையில் தார் இளகுகிற வெயிலிலும் ஓடுகிறது, கார்த்திகை அடைமழையிலும் ஓடுகிறது. பன்னிரண்டு மாதத்துக்கும் அதே நான்கு டயர். அதில் பிழையில்லை. நம் சீதோஷ்ணத்துக்கு ஒரே செட் போதும். ஆனால் அந்த ஒரு செட்டை எந்த மாதத்தை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தஞ்சை மாவட்டத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இன்று கனடாவில் இருக்கிறார்கள். ஈழத்துத் தமிழர்கள் அவர்களுக்கு முன்பே போய் டொரன்டோவின் ஸ்கார்பரோவில் வேரூன்றிவிட்டார்கள். பிறந்த மண்ணில் பனியே பார்த்திராத மக்கள். அங்கே போன முதல் வருடமே அவர்கள் கற்றுக்கொள்கிற பாடங்களில் ஒன்று டயர். கியூபெக் மாகாணத்தில் குளிர்கால டயர் 2008 முதல் சட்டப்படி கட்டாயம். இப்போது அது டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை. ஒன்டாரியோவில் கட்டாயமில்லை, ஆனால் குளிர்கால டயர் போட்டவருக்குக் காப்பீட்டுக் கட்டணத்தில் தள்ளுபடி தர வேண்டும் என்று 2016 ஜனவரி முதல் நிறுவனங்களுக்கு விதி இருக்கிறது. ஆஸ்திரியாவில் இன்னும் ஒரு படி மேல்: குளிர்கால டயரின் பட்டன், அதாவது டயர் மேல் வெட்டியிருக்கும் பள்ளத்தின் ஆழம், 4 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்துவிட்டால் சட்டம் அதைக் குளிர்கால டயராகவே ஏற்பதில்லை.

மான்ட்ரியலில் வேலை பார்க்கிற பிள்ளை ஐப்பசி முடிவதற்குள் டயர் கடையில் நாள் குறித்து வைத்துவிடுகிறான். அதே ஐப்பசியில் அவனுடைய அப்பா இங்கே மொட்டை டயரோடு தஞ்சாவூருக்குப் போய்வருகிறார். அப்பாவுக்கு அறிவு குறைவு என்று நான் நினைக்கவில்லை. அங்கே வழுக்குகிற காலம் வெள்ளைவெளேரென்று கண்ணுக்குத் தெரிகிறது, பார்த்தவுடன் பயம் வருகிறது. இங்கே வழுக்குகிற காலம் மழையாக வருகிறது. நமக்கு மழை வரம். மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு எட்டாத வருடத்தில் சம்பாவைக் காப்பாற்றுவது அதுதான். வரமாக வருவதைப் பார்த்து யார் பயப்படுவார்கள்?

பயப்பட வேண்டாம், கணக்கு மட்டும் தெரிந்தால் போதும். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார், பிரேக் பிடித்த இடத்திலிருந்து காய்ந்த தார்ச் சாலையில் சுமார் 20 மீட்டரில் நிற்கும். சாலை நனைந்து டயரும் தேய்ந்திருந்தால் சுமார் 35 மீட்டர். இறுகிய பனியில் 70 மீட்டர். உராய்வு எண்ணைக் காய்ந்த தாருக்கு 0.7, நனைந்ததற்கு 0.4, பனிக்கு 0.2 என்று வைத்துக்கொண்டால் பதினோராம் வகுப்புப் பிள்ளை போட்டுக் காட்டிவிடும் கணக்கு இது. எதிரே இருப்பதைக் கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள் கழிகிற ஒரு விநாடியில் ஓடுகிற 17 மீட்டர் இதில் சேரவில்லை. பனி நாட்டவர் அந்த 70 மீட்டருக்காகச் சட்டம் போட்டார்கள். நம்முடைய 35 மீட்டரை நாம் நினைத்துப் பார்ப்பதே இல்லை. கூடிப்போன 15 மீட்டரில் நம் கடைத்தெருவில் என்னென்ன இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சர் சிவசாமி ஐயர் மேல்நிலைப் பள்ளி விட்டு மழையில் குடை பிடித்தபடி சைக்கிளில் வருகிற பிள்ளைகள் இருப்பார்கள்.

சாலையை ஒரு கார் எவ்வளவு இடத்தில் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதும் பலருக்குத் தெரியாது. நாலு பேர் உட்கார்ந்த ஆல்டோ ஏறக்குறைய 1,000 கிலோ. ஒரு டயருக்கு 250 கிலோ. 30 பவுண்டு காற்று இருந்தால், டயர் தரையைத் தொடுகிற இடம் சுமார் 12 சென்டிமீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் நீளம். அவ்வளவுதான். இப்படி நான்கு துண்டு ரப்பரை நம்பித்தான் குடும்பமே உள்ளே உட்கார்ந்திருக்கிறது. சாலையில் 3 மில்லிமீட்டர் தண்ணீர் நின்றால், 60 கிலோமீட்டர் வேகத்தில் 145 மில்லிமீட்டர் அகல டயர் ஒன்று விநாடிக்கு 7 லிட்டர் தண்ணீரை ஒதுக்கித் தள்ள வேண்டும். இரண்டு விநாடிக்கு ஒரு குடம். இந்தத் தண்ணீர் போவதற்காக வெட்டிய வாய்க்கால்தான் பட்டன். பட்டன் தேய்ந்தால் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. அது டயருக்கு அடியில் புகுந்து வண்டியைத் தூக்கிவிடும். அப்போது ஸ்டீயரிங்கும் பிரேக்கும் கையிலும் காலிலும் இருக்கும், சாலையோடு அவற்றுக்குச் சம்பந்தம் இருக்காது.

இதை 1960-களில் அமெரிக்காவின் நாசா, விமானங்கள் நனைந்த ஓடுதளத்தில் வழுக்குவது ஏன் என்று ஆராய்ந்தபோது அளந்து பார்த்தது. டயர் எந்த வேகத்தில் மிதக்கத் தொடங்கும் என்பது காற்றழுத்தத்தைப் பொறுத்தே அமைகிறது என்று கண்டார்கள். அவர்களுடைய சூத்திரப்படி 30 பவுண்டு காற்றில் சுமார் 90 கிலோமீட்டர் வேகத்தில் டயர் தண்ணீர் மேல் மிதக்கத் தொடங்கும். 20 பவுண்டில் 75-லேயே தொடங்கிவிடும். தேய்ந்த கார் டயருக்கு அதற்கும் கீழேயே நடக்கலாம். மழைக்காலத்தில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் நன்றாகப் பிடிக்கும் என்று நம் பக்கத்தில் நம்புகிறவர்கள் உண்டு. மணலில் புதைந்த வண்டிக்கு அது சரி. நனைந்த தாருக்கு நேர்மாறு. நிறுவனம் சொன்ன அளவு காற்று, மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. பெட்ரோல் பங்கில் இதற்குக் காசு கேட்பதும் இல்லை.

குளிர் நாடுகளில் டயர் மூன்று வகையாகப் பிரிந்தது எப்படி என்பதைத் தெரிந்துகொண்டால் நமக்கு எது வேண்டும் என்பது தெளிவாகும். பின்லாந்து நிறுவனம் ஒன்று, பின்னாளில் நோக்கியன் என்று பெயர் பெற்றது, 1934-ல் லாரிகளுக்காக முதல் குளிர்கால டயரைச் செய்தது. சாதாரண டயரின் ரப்பர் ஏறக்குறைய 7 டிகிரிக்குக் கீழே போனால் விறைத்துக்கொள்ளும். விறைத்த ரப்பருக்குப் பிடிப்பு போய்விடும். அதனால் குளிர்கால டயரில் இயற்கை ரப்பரைக் கூடுதலாகச் சேர்த்து, உறைகிற குளிரிலும் இளக்கமாக இருக்கும்படி செய்கிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்து மரங்களில் வடிகிற பாலின் குணம் அது. இரண்டு செட் வாங்கி வருடத்துக்கு இருமுறை மாற்றுவது பலருக்குச் சுமையாக இருந்தது. 1977-ல் குட்இயர் நிறுவனம் டியம்போ என்று ஒரு டயரை ஆல் சீசன் என்று சொல்லி அமெரிக்காவில் விற்றது. அது ஒரு சமரசம். வெயிலில் கோடை டயர் அளவுக்கு வராது, பனியில் குளிர்கால டயர் அளவுக்கும் வராது, இரண்டிலும் ஓரளவு சமாளிக்கும். பனி குறைவாக விழுகிற ஊரில் சின்னக் கார் வைத்திருப்பவருக்கு அது போதும். மலைச் சாலைக்குப் போதாது. டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரமும் நடுவில் பனிச்செதிலும் பொறித்திருந்தால் அது பனியில் சோதித்துத் தேறிய டயர். வெறும் ‘எம் பிளஸ் எஸ்’ என்று மட்டும் போட்டிருந்தால் பட்டனின் அமைப்புதான் அப்படி; சோதனை எதுவும் கட்டாயமில்லை. டொரன்டோவில் புதிதாக வண்டி வாங்குகிற நம் பிள்ளைகள் இந்த வித்தியாசத்தைக் கட்டாயம் பார்த்து வாங்க வேண்டும்.

நமக்கு அந்தச் சமரசம் வேண்டியதில்லை. தஞ்சாவூரில் மார்கழி விடியலில்கூட 7 டிகிரி வராது. குளிரில் இளக்கமாக இருக்கும்படி செய்த ரப்பர் நம் சித்திரைத் தாரில் சீக்கிரம் கரைந்துபோகும். நம் ஊரில் விற்கிற டயர்கள் வெயிலுக்கென்று செய்தவையே. அவற்றில் நனைந்த சாலையை நன்றாகப் பிடிப்பது எது என்ற ஒரு கேள்விதான் நமக்கு உள்ளது. அந்தக் கேள்வியை நாம் கடையில் கேட்பதே இல்லை.

நாம் கேட்பது இரண்டு. என்ன விலை, எத்தனை கிலோமீட்டர் ஓடும். “அறுபதாயிரம் ஓடும் சார், நம்பி எடுங்க” என்று கடைக்காரர் சொன்னால் மனம் நிறைந்துவிடுகிறது. நீண்ட நாள் ஓடுவது பல சமயம் ரப்பர் கெட்டியாக இருப்பதால். கெட்டியான ரப்பர் ஈரத்தில் குறைவாகத்தான் பிடிக்கும். இரண்டையும் ஓரளவு சேர்த்துக் கொடுக்கிற டயர்களும் உண்டு. அதற்கு விலை சற்றுக் கூடும். ஐரோப்பாவில் 2012 முதல் டயரோடு ஒரு சீட்டு வருகிறது. ஈரப் பிடிப்புக்கு எழுத்தால் தரம் போட்டிருக்கும். இந்தியாவில் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022 ஜூனில் விதியைத் திருத்தியது. ஈரப் பிடிப்பு, உருளும் தடை, ஓசை ஆகியவற்றுக்குக் குறைந்தபட்சத் தரம் வந்தது. புதிய வடிவ டயர்களுக்கு 2022 அக்டோபர் 1 முதலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்தவற்றுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் படிப்படியாகவும் அமலாயிற்று. நல்ல விதி. ஆனால் கிட்டங்கியில் கிடந்த பழைய டயரை மலிவு விலையில் எடுத்துப் போட்டுக்கொண்டால் அந்த விதியால் நமக்கு ஒரு பயனும் இல்லை.

அதனால் தேதியைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ரப்பர் ஓடாமல் நின்றாலும் வயதாகும். ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட டயரை வருடாவருடம் சோதிக்க வேண்டும், பத்து வருடத்துக்கு மேல் பட்டன் எவ்வளவு இருந்தாலும் வேண்டாம் என்பது டயர் நிறுவனங்களின் பொதுவான அறிவுரை. நம் வெயிலுக்கு ஆறேழு வருடமே அதிகம் என்பது என் கருத்து. நம் ஊரில் கார்த் தாழ்வாரத்திலேயே நின்று, கல்யாணம் காட்சிக்கு மட்டும் வெளியே வருகிற கார்கள் நிறைய. பட்டன் புதிது போல இருக்கும், பக்கவாட்டில் பொடிப்பொடியாக வெடிப்பு ஓடியிருக்கும். ஓட்டமே இல்லாத வண்டி என்று பெருமையாகச் சொல்லி அதைத்தான் அடுத்தவருக்கு விற்கிறோம்.

பட்டன் எவ்வளவு தேயலாம் என்பதற்குச் சட்டம் இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, காருக்கு 1.6 மில்லிமீட்டர், இரு சக்கர வண்டிக்கு 0.8 மில்லிமீட்டர் என்று எல்லை வைத்திருக்கிறது. பட்டன் பள்ளத்துக்குள் ஆங்காங்கே சிறு மேடு இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. புதுக் கார் டயரில் பட்டன் ஆழம் 7, 8 மில்லிமீட்டர் இருக்கும். ஆனால் 1.6 என்பது கடைசிக் கோடு. மழையில் ஓட்டுவதற்கு 3 மில்லிமீட்டராவது வேண்டும் என்று டயர் துறையில் பலரும் சொல்கிறார்கள். அதற்குக் குறைந்தால் தண்ணீரைத் தள்ளும் திறன் வேகமாக விழுகிறது. டெல்டாவுக்கு நான் அந்த 3-ஐத்தான் எல்லை என்று வைப்பேன். மொட்டை டயரில் சூடான கத்தியால் புதிதாகக் கோடு வெட்டிக் கொடுக்கிறவர்கள் நெடுஞ்சாலை ஓரங்களில் இன்னும் இருக்கிறார்கள். வெட்டுக்கு உள்ளே மிச்சம் இருப்பது நூலும் கம்பியும்தான். அதைக் காரில் போடுவதும் விற்பதும் குற்றமாகவே பார்க்கப்பட வேண்டும்.

அகலமான டயர் போட்டால் கார் நன்றாக நிற்கும் என்று அலாய் வீலோடு சேர்த்துப் பெரிய சைஸ் மாட்டுகிற பழக்கம் இளைஞர்களிடம் பரவியிருக்கிறது. காய்ந்த சாலையில் வளைவுகளுக்கு அது உதவும். ஆனால் மழையில் அகல டயர் ஒதுக்க வேண்டிய தண்ணீர் அதிகம். சீக்கிரமாகவே மிதக்கும். பனி நாட்டிலும் குளிர்காலத்துக்கு ஒரு சைஸ் ஒடுக்கமாகப் போடுகிறவர்கள் உண்டு. நிறுவனம் 145/80 ஆர்12 என்று கொடுத்திருந்தால் அதையே போடுங்கள் தம்பி என்றுதான் நான் சொல்வேன்.

நான்கையும் ஒரே நேரத்தில் மாற்ற எல்லோருக்கும் கை கொடுக்காது. ஒரு டயர் மூவாயிரம் ரூபாயை ஒட்டி வரும். அலைன்மென்ட், பேலன்சிங் தனி. மாதச் சம்பளக்காரருக்கு அது சின்னத் தொகை இல்லை. இரண்டு மட்டும் வாங்கினால் எங்கே போடுவது? என்ஜின் இழுப்பும் ஸ்டீயரிங்கும் முன்னால் இருப்பதால் முன்னால்தான் போட வேண்டும் என்று கடைகளில் சொல்வார்கள். மழைக்குப் பின்னால் போடுவதே காப்பு. முன்டயர் வழுக்கினால் வண்டி திரும்பாமல் நேரே போகும். ஓட்டுகிறவருக்கு உடனே தெரியும், காலை எடுத்தால் பிடிப்பு திரும்பி வரும். பின்டயர் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். தேர்ந்த ஓட்டுநராலும் அதை மீட்பது கடினம். நம்முடையவை பெரும்பாலும் ஆற்றங்கரைச் சாலைகள், வாய்க்கால் கரைச் சாலைகள். பல இடங்களில் தடுப்புச் சுவர் இல்லை. கல்லணையிலிருந்து வருகிற சாலையில் சுழன்ற வண்டிக்கு அடுத்த இடம் தண்ணீர்.

டயர் நன்றாக இருந்தும் போதாத இடம் ஒன்று இந்த மண்ணில் உண்டு. அதையும் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது.

குறுவை அறுப்பு புரட்டாசியிலும் ஐப்பசியிலும் வருகிறது. மேகம் கூடி நிற்கும் நேரம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அந்தப் பருவத்தில் வயலிலிருந்து வருகிற நெல்லில் அதைவிட அதிகமாகவே இருக்கும். அடைமழை பெய்த வருடங்களில் அரசு இந்த எல்லையைத் தளர்த்தியிருக்கிறது. தளர்வு வந்து சேர்வதற்குள் நெல் முளைவிட்டுவிடும் என்பது விவசாயியின் அனுபவம். அவர் என்ன செய்வார்? இரண்டு மணி நேரம் வெயில் தலை காட்டினால், ஊரில் காய்ந்து கிடக்கிற ஒரே தளம் தார்ச் சாலைதான். நெல்லை அங்கே கொட்டுகிறார். யாரும் ஏறிவிடக் கூடாதென்று ஓரத்தில் கல் வைக்கிறார். இருட்டிய பிறகும் கல் அங்கேயே இருக்கிறது. உருளுகிற நெல்மணியின் மேல் எந்த விலை டயருக்கும் பிடிப்பு இல்லை. முதலில் விழுவது பைக்கில் போகிறவர். அவர் விழுவதைப் பார்த்துப் பின்னால் வருகிற கார் பிரேக் பிடிக்கிறது. அங்கேதான் அந்த 35 மீட்டர் வருகிறது.

பங்குனி சித்திரையில் உளுந்துச் செடியைச் சாலையில் பரப்பி, போகிற வண்டிகளையே போரடிக்க விடுகிறார்கள். மழைக்காலத்தில் வயலை விட்டு ஏறுகிற டிராக்டர் கூடைகூடையாகச் சேற்றை வளைவிலேயே உதிர்த்துவிட்டுப் போகிறது. கொள்ளிடத்து மணல் ஏற்றிய லாரி ஈர மணலை வழியெல்லாம் சிந்துகிறது. இந்தச் சாலைகளில் வேகத்தைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சாலையில் நெல் காயவைக்கிற விவசாயியைத் திட்டுகிறவர்களோடு என்னால் சேர முடியவில்லை. பல மாத உழைப்பு ஒரே மழையில் போய்விடும் என்று நிற்கிறவரிடம் போக்குவரத்து விதியைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை. ஈர நெல்லைக் காப்பாற்றுவது எப்படி என்ற கேள்வியோடு 1967-ல் திருவாரூரில் தொடங்கிய ஆய்வுக்கூடம்தான் பின்னர் தஞ்சாவூரில் நெல் பதன ஆராய்ச்சி மையமாக வளர்ந்தது. இன்று அது தேசிய உணவுத் தொழில்நுட்ப, தொழில்முனைவு, மேலாண்மை நிறுவனம். அறுபது வருடம் ஆகப்போகிறது, நெல் இன்னும் சாலையில்தான் காய்கிறது. ஊருக்கு ஒரு உலர் களம், கொள்முதல் நிலையத்துக்கு ஒரு உலர்த்தி இயந்திரம் என்று கேட்பது வேளாண்மைக் கோரிக்கை மட்டுமில்லை. அது சாலைப் பாதுகாப்புக் கோரிக்கையும்கூட. இரண்டு துறை அதிகாரிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம்.

நனைந்த சாலையில் டயர் நன்றாகப் பிடிப்பதற்கு ரப்பரில் சேர்க்கிற முக்கியமான பொருள் சிலிக்கா. 1990-களில் மிஷெலின் நிறுவனம் கரித்தூளுக்குப் பதிலாக அதைப் பெருமளவு சேர்க்கத் தொடங்கிய பிறகு டயர்களின் ஈரப் பிடிப்பு வெகுவாகக் கூடியது. அந்தச் சிலிக்கா உமிச் சாம்பலில் இருக்கிறது. உமியை எரித்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பல் கிடைக்கும், அதில் பெரும்பகுதி சிலிக்காதான். உமிச் சாம்பலிலிருந்து எடுத்த சிலிக்காவை டயரில் சேர்க்கப்போவதாக குட்இயர் 2014-ல் அறிவித்தது. நம் அரிசி ஆலைகள் நெல் அவிக்க உமியை எரித்து, சாம்பலைக் குவித்து, அதை எங்கே கொட்டுவது என்று தவிக்கின்றன. டயர் ஆலைகளும் நமக்குத் தூரமில்லை. 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். இன்று கொள்ளிடத்துக்கு வடக்கே பெரம்பலூரிலேயே ஆலை வைத்திருக்கிறது. மழையில் பிடிக்கிற டயருக்கு வேண்டிய பொருள் தஞ்சாவூர் நெல்லிலேயே இருக்கிறது. இந்த இரண்டையும் இணைக்கிற முயற்சியை மாநில அரசு எடுத்தால் டெல்டாவுக்கு அது ஒரு நல்ல தொழிலாகும்.

2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அந்த வருடம் விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம்: 64,105. விபத்துக்குப் பின் எழுதப்படும் முதல் தகவல் அறிக்கையில் வழக்கமாக வருகிற சொற்கள் அதிவேகம், அஜாக்கிரதை. பட்டன் எத்தனை மில்லிமீட்டர் இருந்தது என்று பெரும்பாலும் யாரும் அளந்து எழுதுவதில்லை. எழுதினால்தான் டயரால் எத்தனை பேர் போனார்கள் என்பது தெரியும். தெரிந்தால்தான் ஏதாவது செய்வார்கள். சொந்தக் கார் பதிவானால் 15 வருடத்துக்கு அதன் டயரை அரசு அலுவலர் யாரும் குனிந்து பார்க்க வேண்டியதில்லை. காப்பீட்டை வருடந்தோறும் புதுப்பிக்கிறோம். அப்போது நான்கு டயரின் பட்டன் ஆழத்தையும் தேதியையும் பதிவுசெய்யச் சொல்லலாம். நல்ல டயர் வைத்திருப்பவருக்கு ஒன்டாரியோவைப் போலக் கட்டணத்தில் கொஞ்சம் குறைக்கலாம். இதற்குப் புதிய அலுவலகம் தேவையில்லை.

அது வருகிறவரை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் காரின் டயர் நமக்காக மட்டும் இல்லை. உள்ளே இருக்கிறவருக்கு சீட் பெல்ட் இருக்கிறது, தகரம் இருக்கிறது. முன்னால் சைக்கிளில் போகிற பெண்ணுக்கும், கட்டு சுமந்து ஓரமாக நடக்கிற கூலிக்காரருக்கும் காப்பு என்று இருப்பது நம் டயரின் பட்டன் ஒன்றுதான்.

தீபாவளி ஐப்பசியில் வருகிறது. துணி எடுக்கத் தஞ்சாவூருக்குக் காரை எடுக்குமுன் நான்கு டயரையும், ஸ்டெப்னியையும் சேர்த்து, குனிந்து பாருங்கள். பட்டன் 3 மில்லிமீட்டர் இல்லையென்றால் துணி பிறகு எடுத்துக்கொள்ளலாம், முதலில் டயரை மாற்றுங்கள்.